பின்சக்கர கன்ட்ரோல் ஆர்ம் மாற்றிய பிறகு ‘டொக் டொக்’ சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை கன்ட்ரோல் ஆர்ம், அதன் முனைகளில் அசைவைத் தாங்கும் ரப்பர் உருளை புஷ். பெங்களூரு சாலைகளில் இந்தப் பின் சஸ்பென்ஷன் புஷ் சீக்கிரம் தேய்கிறது. கம்பெனி ஆர்முக்குப் பதில், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டிலோ ஆன்லைனிலோ ஆஃப்டர்மார்க்கெட் ஆர்ம், அதாவது வேறு தயாரிப்பாளரின் ஆர்ம், வாங்கிப் போடுபவர்கள் பலர். போட்ட சில நாட்களில் பின்னாலிருந்து சத்தம் வரத் தொடங்கும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்படிப் போக்குவது என்பதற்கான பதில்கள் கீழே.

என் காரில் பின்னால் கன்ட்ரோல் ஆர்ம் இருக்கிறதா?

முதலில் இதைப் பாருங்கள். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 போன்றவற்றில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே வளைந்த சட்டம் அது, அதன் முன்பக்கம் இடது வலது பக்கத்துக்கொரு பெரிய புஷ். அதில் கன்ட்ரோல் ஆர்ம் கிடையாது. பின்னால் சத்தம் வந்தால் அந்த இரண்டு புஷ், ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்ட், அவ்வளவுதான்.

இனோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், 2020-க்குப் பிந்தைய தார், ஸ்கார்பியோ-என், ஜிம்னி ஆகியவற்றில் பின்னால் முழு ஆக்ஸில் ஒன்று இருக்கும். அதை முன்பின்னாகப் பிடித்திருப்பவை ஆர்ம்கள். பக்கவாட்டில் பிடிப்பது பெரும்பாலும் ஒரு குறுக்கு ராடு. ஸ்கார்பியோ-என்னில் அந்த வேலையைச் செய்வது வாட்ஸ் லிங்கேஜ் என்ற இரு ராடு அமைப்பு. எக்ஸ்யூவி500, எக்ஸ்யூவி700, சுப்பர்ப், ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்றவை மல்டிலிங்க். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பல ஆர்ம்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஒவ்வொரு முனையிலும் ஒரு புஷ். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து ஆர்ம் என்றால் சத்தம் வரக்கூடிய இடம் எட்டு பத்து. ஊகத்தில் ஒன்றை மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு என்பது இதனால்தான்.

போட்ட மறுநாளே சத்தம். பார்ட் மோசமா, வேலை மோசமா?

மறுநாளே என்றால் பெரும்பாலும் வேலை. ஆறு மாதம் கழித்து என்றால் பெரும்பாலும் பார்ட். விதிவிலக்கு உண்டு. ஸ்லீவ் (புஷ்ஷுக்குள் போல்ட்டு நுழையும் இரும்புக் குழாய்) அளவு தப்பான ஆர்ம் முதல் ஹம்ப்பிலேயே கத்தும்.

ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ரப்பர் ‘டொக்’ என்று சத்தம் போடாது. இரும்பும் இரும்பும் நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைக் கடந்து ஒன்றோடொன்று மோதினால்தான் அந்தச் சத்தம். ஆகவே நீங்கள் தேடுவது ‘கெட்டுப்போன ஆர்மை’ அல்ல, இருக்கக்கூடாத ஓர் இடைவெளியை. அது போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் இருக்கலாம், ஸ்லீவுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கலாம், ஆர்முக்கும் ஆர்மோடு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கிளிப்புக்கும் நடுவிலும் இருக்கலாம்.

சத்தத்தின் தன்மையை வைத்து இடத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. ‘கடக்’ என்று ஒரே ஒரு கனமான அடி, அதுவும் பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் வந்தால், முன்பின் திசையில் பிடிக்கும் ஆர்மில் போல்ட்டு நகர்கிறது. வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால் பக்கவாட்டு ஆர்ம் அல்லது குறுக்கு ராடு. சின்னச் சின்னக் குழிகளில் ‘லொடலொட’ என்று தொடர்ந்து வந்தால் ஆர்மைவிட ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் சாய்வைக் குறைக்கும் பாரின் இணைப்புக் கம்பி) மீதுதான் சந்தேகம் அதிகம். மெதுவாக ஹம்ப் ஏறி இறங்கும்போது ‘கிறீச்’ என்றால் பாலியூரிதேன் புஷ் (ரப்பருக்குப் பதிலாக வரும் கெட்டியான பிளாஸ்டிக் புஷ், சுருக்கமாக பாலி புஷ்) கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது. சன்னமான ‘டிக்’ ஒன்று, திசை மாறும்போதெல்லாம் வருகிறதென்றால், மரையைத் திருகி நீளத்தை மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ஆர்மின் லாக் நட்டு.

இவற்றை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரின் பாடி ஒரு பெரிய தகர டப்பா. இடப்பக்கச் சத்தம் வலப்பக்கம் கேட்கும், பின்சீட்டுக்கு அடியிலிருந்து வருவது டிக்கியிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஆர்ம்தான் என்று எப்படி உறுதி செய்வது? வேறு ஏதாவதாக இருந்தால்?

ஆர்மைத் தொடுவதற்கு முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர் கேன், எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். இனோவா போல ஸ்டெப்னி அடியில் சங்கிலியில் தொங்கும் வண்டியென்றால் அது இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பின்சீட்டு முதுகு பூட்டில் ஆட்டம் இருந்தாலும் அசல் சஸ்பென்ஷன் சத்தம்போலவே கேட்கும். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் புது ஆர்மைக் கழற்றி மாட்டிய பிறகு சீட்டு பூட்டுதான் காரணம் என்று தெரியவந்தால் சிரிப்பு வராது.

அடுத்து பிரேக் பேட். சத்தம் வரும் மேடுபள்ளத்தில் 15 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்துப் பிடியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் காலிப்பருக்குள் பேட் ஆடுகிறது, அல்லது காலிப்பர் கைடு பின் தேய்ந்திருக்கிறது. ஆர்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின்னால் ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதன் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, மெதுவாக ஒரு சுற்று ஓட்டலாம். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்க லிங்க்கோடு பார் தொங்கி ஆடும், சோதனை பொய்யாகிவிடும். லிங்க் இல்லாமல் வளைவில் வண்டி அதிகம் சாயும், அதனால் தெருவுக்குள் மட்டும் போதும்.

ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டையும் மேல் மவுண்டையும் மறக்க வேண்டாம். ஆர்ம் மாற்றும்போது ஷாக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது கையால் திருகிவிட்டு ‘அப்புறம் இறுக்கலாம்’ என்று விடப்படும் போல்ட்டு அநேகமாக அதுதான்.

ரோட் டெஸ்ட் எங்கே, எப்படிச் செய்வது?

ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே ஆட்களோடு. இது முக்கியம். பெங்களூரில் ஒயிட் டாப்பிங் போட்ட கான்கிரீட் சாலைகளில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இணைப்பு இருக்கும். அதைக் கடக்கும்போது ‘தட்… தட்…’ என்று ஒரே தாளத்தில் கேட்கும். வேகம் கூடினால் தாளமும் வேகமாகும். அது சாலையின் சத்தம். மேம்பாலங்களின் இரும்பு இணைப்புகளும் அப்படியே. ஓசூர் ரோடு மேம்பாலத்தில் கேட்ட சத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத தெரு ஒன்றும் ஒரு ஹம்ப்பும் போதும். முதலில் இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி 10 கி.மீ. வேகத்தில். பிறகு இடச்சக்கரம் மட்டும் ஹம்ப்பின் ஓரத்தில் ஏறும்படி, பிறகு வலச்சக்கரம் மட்டும். பக்கம் எது என்று இதில் தெரிந்துவிடும். அடுத்து சமதரையில் முன்னால் ஊர்ந்து சட்டென்று பிரேக், பின்னால் ஊர்ந்து சட்டென்று பிரேக். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் முதல் பிரேக்கில் மட்டும் ‘கடக்’ என்று வந்து, அதே திசையில் மறுபடி பிடிக்கும்போது வராமல் இருந்தால், ஏதோ ஒன்று இடைவெளிக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்து அங்கேயே நிற்கிறது என்று பொருள். தளர்ந்த போல்ட்டின் கையெழுத்து அது. கடைசியாக ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து இரு பக்கமும் வட்டம்.

போனைப் பின்சீட்டு காலடியில் வைத்து ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் வாயால் ‘டொக்’ சொல்வதைவிட இது மேல்.

அடியில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிட் அல்லது லிஃப்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

நகரும் இரும்பு தடயம் விடும். போல்ட்டுத் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மாவுபோன்ற துருப்பொடி இருந்தால் அந்த இணைப்பு அசைகிறது. பிராக்கெட்டின் பெயின்ட் அரைவட்டமாகத் தேய்ந்து வெள்ளி நிறம் தெரிந்தால் அங்கே வாஷர் நகர்கிறது. ஆர்மின் நடுப்பகுதியில் ஒரு புள்ளி மட்டும் பளபளவென்று இருந்தால் அங்கே எதிலோ இடிக்கிறது. எதிரே எது இருக்கிறதென்று பாருங்கள். சைலன்சர் குழாயா, ஸ்பிரிங்கா, டேங்க்கின் தகடா? கம்பெனி ஆர்ம் பெரும்பாலும் அழுத்திய தகட்டில் வளைத்துச் செய்ததாக இருக்கும். ஆஃப்டர்மார்க்கெட் ஆர்ம் பல நேரம் நேரான தடித்த குழாய். கம்பெனி ஆர்ம் வளைந்து விலகிப்போன இடத்தில் இது நேராகப் போய் முட்டும்.

ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் ஆகியவற்றுக்குக் கம்பெனி ஆர்மில் கிளிப் மாட்ட ஓட்டை இருக்கும். புது ஆர்மில் ஓட்டை இல்லாததால் கிளிப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள், அது தட்டிக்கொண்டே வரும். தானாக உயரம் மாறும் ஹெட்லைட் உள்ள கார்களில் பின் ஆர்மோடு ஒரு குட்டி சென்சார் கம்பி இணைந்திருக்கும். அதைக் கயிற்றால் கட்டிவிட்டிருந்தால் ‘டிக் டிக்’ சத்தமும் வரும், ஹெட்லைட்டும் தப்பான இடத்தில் அடிக்கும்.

புஷ் போய்விட்டதா என்று லீவரால் எப்படிப் பார்ப்பது?

அரை மீட்டர் நீளமுள்ள லீவரை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நெம்புங்கள். ஒரு கை லீவரில், மறு கை விரல் போல்ட்டுத் தலையும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில். ரப்பர் புஷ் கொஞ்சம் நெளிந்து, விட்டதும் திரும்ப வர வேண்டும். அது இயல்பு. ‘புஷ் ஆடுதே’ என்று அதைக் காட்டியே புது புஷ் விற்பவர்கள் உண்டு. ரப்பர் ஆடலாம். போல்ட்டு ஆடக்கூடாது. போல்ட்டு பிராக்கெட்டுக்குள் தலைமுடி அளவு நகர்ந்தாலும் விரலில் தெரியும்.

நெம்பும்போது ரப்பர் உள்குழாயிலிருந்து பிரிந்து பிளவு தெரிந்தால் புஷ் போய்விட்டது. மேலோட்டமான சின்ன வெடிப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சில கார்களின் புஷ்ஷில் வேண்டுமென்றே பிறைவடிவ ஓட்டை விட்டிருப்பார்கள், அது கிழிசல் அல்ல. ஆனால் அந்த ஓட்டை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மார்க் இருக்கும். பிரஸ்ஸில் போடும்போது கால் சுற்று திரும்பிவிட்டால், புத்தம்புது புஷ்ஷே முட்டிச் சத்தம் போடும்.

‘வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் போல்ட்டை இறுக்க வேண்டும்’ என்கிறார்கள். ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ரப்பர் புஷ் பேரிங்போல் சுழல்வதில்லை. அதன் உள்குழாயைப் போல்ட்டு பிராக்கெட்டோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்ளும். வெளிக்குழாய் ஆர்மோடு போகும். நடுவில் ஒட்டியிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அசைவைத் தாங்கும். வண்டி நிற்கும்போது இந்த முறுக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதன்பின் நாள் முழுக்க, நிறுத்திவைத்திருக்கும்போதும்கூட அது முறுக்கியபடியே இருக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுக்கும், கிழியும். அல்லது உள்குழாய் பிராக்கெட்டுக்குள் வழுக்கித் திரும்பும், ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு ‘கடக்’.

வழி எளிது. வேலை தொடங்கும் முன், வண்டி சமதரையில் நிற்கும்போது சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 365 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆர்மை மாட்டி எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக வைத்த பின், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த அளவு மறுபடி 365 வரும்வரை தூக்குங்கள். அந்த நிலையில், குறிப்பிட்ட இறுக்கம் (டார்க்) வந்ததும் ‘கிளிக்’ அடிக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மாட்டி ராம்ப்பில் ஏற்றி இறுக்குங்கள். முழு ஆக்ஸில் வண்டிகளில் ஆக்ஸிலுக்கடியில் ஸ்டாண்ட் வைத்தாலே கிட்டத்தட்ட சரியான உயரம் வந்துவிடும்.

தப்பாக இறுக்கியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால், போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அதே நிலையில் திரும்ப இறுக்கிப் பாருங்கள். ரப்பர் கிழியாமல் இருந்தால் செலவில்லாமல் சத்தம் போய்விடும். பாலி புஷ்ஷும் ராடு எண்டும் (இரும்பு உருண்டை மூட்டு) சுழலக்கூடியவை, அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

டார்க் ரென்ச் ‘கிளிக்’ அடித்தது. இருந்தும் போல்ட்டு ஆடுகிறதே?

கிளிக் அடித்ததால் பிடிப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நான்கு இடத்தில் ஏமாற்றும்.

முதலாவது, நட்டு மரை முடியும் இடத்தில் போய் முட்டி நிற்பது. புது ஆர்மோடு வந்த போல்ட்டின் மரையில்லாத பகுதி நீளமாக இருந்தால், நட்டு பிராக்கெட்டை அழுத்தும் முன்பே மரை தீர்ந்துவிடும். ரென்ச்சுக்கு அது இறுக்கமாகவே தெரியும். போல்ட்டைக் கழற்றி, பிராக்கெட்டின் மொத்த அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடித்த வாஷர் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

இரண்டாவது, ஸ்லீவ் நீளக்குறைவு. பிராக்கெட்டின் உள் அகலத்தையும் ஸ்லீவின் நீளத்தையும் வெர்னியரால் அளக்கவும். அரை மி.மீ. வித்தியாசத்தைப் போல்ட்டு இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஒரு மி.மீ.க்கு மேல் போனால் போல்ட்டின் பலமெல்லாம் பிராக்கெட்டின் காதுகளை வளைப்பதிலேயே செலவாகி, ஸ்லீவ் பிடிபடாது. பீன்யா பக்கம் லேத் பட்டறையில் சரியான நீளத்துக்கு ஸ்லீவ் கடைந்து வாங்கலாம், அல்லது கெட்டியான ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைக்கலாம். ஸ்லீவ் புஷ்ஷைவிட மயிரிழை நீளமாகத்தான் இருக்க வேண்டும். புஷ் நீளமாக இருந்தால் பிராக்கெட் புஷ்ஷையே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஓட்டை பெரிது. 12 மி.மீ. போல்ட்டுக்கு அரை அங்குல ஸ்லீவ், அதாவது 12.7 மி.மீ. முழுப் பிடிப்பு இருக்கும்வரை தெரியாது. கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த 0.7 மி.மீ.யில் போல்ட்டு முன்பின் ஓடும். பிரேக்கில் வரும் ‘கடக்’குக்கு இது பழைய குற்றவாளி.

நான்காவது, பவுடர் கோட்டிங். ஸ்லீவின் முகத்திலும் பிராக்கெட்டின் உள்ளேயும் தடிப்பாகப் பூச்சு இருந்தால், இறுக்கும்போது அது நடுவில் மாட்டிக்கொள்ளும். நூறு கி.மீ. ஓடியதும் நசுங்கி உதிரும், அந்தத் தடிப்பளவு போல்ட்டின் இழுவிசை குறையும். மாட்டும் முன்பே ஸ்லீவ் முகத்தை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்துவிடுங்கள்.

எவ்வளவு டார்க் என்பதற்கு உங்கள் காரின் மேனுவல்தான் விடை. 12 மி.மீ. போல்ட்டுக்கு, அதன் தரத்தைப் பொறுத்து, பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் கார்களில் பல இடங்களில் குறிப்பிட்ட டார்க் வைத்த பின் 90 டிகிரியோ அதற்கு மேலோ கூடுதலாகத் திருப்பச் சொல்வார்கள். அந்தப் போல்ட்டு இழுபட்டு நீளும், ஒருமுறைதான் பயன்படும். கழற்றினால் புதிது. நைலான் வளையம் உள்ள நட்டும் அப்படியே.

இறுக்கிய போல்ட்டு மறுபடி தளர்கிறதா என்று எப்படித் தெரியும்?

வைட்னர் பேனா போதும். நட்டு, வாஷர், பிராக்கெட் மூன்றின் மேலும் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். 100 கி.மீ. கழித்தும் 500 கி.மீ. கழித்தும் கோடு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓசூர் போய் வந்தாலே முதல் சோதனைக்கான தூரம் ஏறக்குறைய ஆகிவிடும்.

அட்ஜஸ்டபிள் ஆர்மில் ‘டிக்’ சத்தம். லாக் நட்டை இறுக்கியும் நிற்கவில்லை.

ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை இருக்கும். இடது மரையை எதிர்த்திசையில் இறுக்க வேண்டும் என்பது தெரியாமல் தளர்த்திவிட்டு, இறுக்கிவிட்டதாக நினைப்பது நிறைய நடக்கிறது. ஒரு ஸ்பேனரால் ஆர்மின் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஆர்மே திரும்பி, முனையில் உள்ள ஜாயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து முட்டும்.

மரை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மரையின் விட்டத்தைப்போல் குறைந்தது ஒன்று முதல் ஒன்றரை மடங்கு உள்ளே இருக்க வேண்டும். 20 மி.மீ. மரையென்றால் 20 முதல் 30 மி.மீ. இதைவிடக் குறைவாக நீட்டியிருந்தால் சத்தம் இரண்டாம் பட்சம், ஆர்ம் கழன்றுவிடும். எல்லாம் சரியாக இருந்தும் மரையிலேயே ஆட்டம் இருந்தால், அது கடைந்ததில் உள்ள குறை. திருப்பிக் கொடுங்கள்.

பாலி புஷ் கிறீச்சிடுகிறது. டீசலோ ஆயிலோ அடிக்கலாமா?

வேண்டாம். இரண்டு நாள் அமைதியாக இருக்கும். பக்கத்தில் உள்ள ரப்பர் பாகங்கள் ஊறிக் கெடும், தூசி ஒட்டி அரைக்கும். கழற்றி, துடைத்து, தண்ணீர் போகாத சிலிகான் கிரீஸைப் புஷ்ஷின் உட்புறத்திலும் இரு பக்க முகத்திலும் தடவி மாட்டுங்கள். மாட்டிய பின் ஸ்லீவ் கையால் கொஞ்சம் கஷ்டப்பட்டுத் திரும்ப வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள ஆர்ம் என்றால் மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒருமுறை அடித்தால் போதும்.

எந்த புஷ் கத்துகிறது என்று தெரியவில்லையா? சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிப் பாருங்கள். தெளித்ததும் அடங்குவதுதான் ஆள்.

ராடு எண்ட் வைத்த ஆர்ம் வாங்கலாமா?

தினமும் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய்வரும் காருக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ராடு எண்டில் இரும்பு உருண்டை இரும்பு வளையத்துக்குள் சுழல்கிறது, ரப்பர் எதுவுமில்லை. கட்டுமானத் தூசியும் மழைச் சேறும் உள்ளே போய் அதன் உள்பூச்சைத் தின்றுவிட்டால், அந்த இடைவெளியை எதுவும் நிரப்பாது. இறுக்கிச் சரிசெய்யவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். ரப்பர் உறை போட்டு வருபவை பரவாயில்லை. ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் அடிக்கடி மாற்றத் தயாராக இருப்பவர்கள்.

லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்) போட்ட தார், ஜிம்னி, ஃபார்ச்சூனரில் சத்தம். எங்கிருந்து தொடங்குவது?

குறுக்கு ராடு உள்ள வண்டியென்றால் அதிலிருந்து. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் இந்த ஒற்றை ராடு, வண்டியைத் தூக்கும்போது சாய்வு மாறி ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுக்கும். அட்ஜஸ்டபிள் ராடு போட்டிருந்தால் அதன் நீளத்தைச் சரிபார்த்து, இடது வலது டயர் சேஸிஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளக்கவும். வண்டி தரையில் நிற்கும்போது ஓர் ஆள் பாடியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்ட, இன்னொருவர் பக்கத்தில் குனிந்து ராடின் இரு முனையையும் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். எஞ்சின் ஓடக் கூடாது.

மேல் ஆர்மின் நீளம் மாறினால் டிஃபரென்ஷியல் மூக்கின் கோணம் மாறும். கிளட்ச் விடும்போதும், ஆட்டோமேட்டிக்கில் டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போதும் ‘டங்’ என்று வந்தால் ஆர்மோடு நிற்காமல் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு.ஜே. (யுனிவர்சல் ஜாயிண்ட்) கிராஸையும் கையால் முறுக்கிப் பாருங்கள்.

ஆர்மை மாட்டும்போது போல்ட்டு கையால் உள்ளே போக வேண்டும். சுத்தியால் அடித்துத்தான் போகிறதென்றால் இடதும் வலதும் நீளம் வேறு. ஒரு மி.மீ. துல்லியத்தில் இரண்டையும் சமமாக வையுங்கள்.

ஸ்பிரிங் ஆர்மின் மேலேயே உட்காரும் காரில் தனியாகக் கவனிக்க வேண்டியது?

ஸ்பிரிங்கின் கீழ் நுனி, ஆர்மில் அதற்கென உள்ள பள்ளத்தின் படியில் முட்டி உட்கார வேண்டும். அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் ஓடும்போது சுழன்று ‘டங்’ என்று விழும். அடியில் இருக்கும் ரப்பர் தட்டைப் பழைய ஆர்மோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த ஆர்மின் போல்ட்டை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் எகிறினால் கையோ முகமோ போகும்.

அலைன்மென்ட்டுக்கும் சத்தத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பல மல்டிலிங்க் கார்களில் பின் டோ-வை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்ய, நடு தவறிய வாஷர் கொண்ட கேம் போல்ட்டு இருக்கும். அது சரியாக இறுக்கப்படாவிட்டால் பள்ளத்தில் விழும்போது திரும்பும். ‘கடக்’ சத்தமும் வரும், டோ-வும் மாறும், டயரின் உள்விளிம்பும் சீக்கிரம் தேயும். அதன் நிலையையும் கோடு போட்டு வையுங்கள். டயர் கடையில் ‘நாலு சக்கர அலைன்மென்ட்’ என்று கேட்டு, பின்சக்கர அளவுகளும் உள்ள பிரிண்ட் வாங்குங்கள். முன்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடும் கடைகள் உண்டு.

சத்தத்தோடு ஓட்டலாமா?

கிறீச் என்றால் ஓட்டலாம். ‘கடக்’ என்றால் போல்ட்டுகளைப் பார்த்த பிறகு. நட்டு காணவில்லை, வெல்டிங் ஓரத்தில் மெல்லிய கோடு தெரிகிறது, ஒரு பக்கச் சக்கரம் மட்கார்டுக்குள் முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்கிறது, பிரேக்கில் பின்பகுதி நெளிகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்தி, மேலே ஏற்றிச் செல்லும் லாரியை வரவழையுங்கள். வெல்டிங்கில் தெரியும் கோடு பெயின்ட் வெடிப்பா, இரும்பு வெடிப்பா என்ற சந்தேகத்துக்கு வெடிப்பை நிறத்தில் காட்டும் டை பெனட்ரன்ட் ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம். வெடித்த ஆர்மை மறுபடி வெல்டிங் செய்து போடக்கூடாது.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

சிவாஜிநகரில் தமிழிலேயே சொல்லலாம். மற்ற இடங்களில் கன்னடத்தில் ‘சவுண்ட் பர்த்தா இதெ’ (சத்தம் வருகிறது) என்றாலும் புரியும். ஆனால் அதோடு நிறுத்தினால் ‘ஷாக் போயிடுச்சு’ என்ற பதில்தான் வரும். எந்தப் பக்கம், எந்த வேகம், பிரேக்கிலா வளைவிலா ஹம்ப்பிலா, ஆர்ம் மாற்றி எத்தனை கி.மீ., பிரேக்கை லேசாக மிதித்தால் நிற்கிறதா, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். டார்க் ரென்ச் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஏர் கன்னால் மட்டும் இறுக்கும் இடத்தில் ஆர்ம் வேலை கொடுக்க வேண்டாம்.

கழற்றிய கம்பெனி ஆர்மை எடைக்குப் போட்டுவிடலாமா?

புது ஆர்ம் ஆயிரம் கி.மீ. சத்தமில்லாமல் ஓடும்வரை வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு பக்கம் மட்டும் பழையதை மாட்டி ஓட்டிப் பார்க்க முடியும், நீளமும் ஸ்லீவும் ஒப்பிட அசல் அளவு கையில் இருக்கும். புஷ் தேய்ந்திருந்தாலும் அதன் போல்ட்டு, கேம் வாஷர், கிளிப், ரப்பர் தட்டு எல்லாம் ஒரு கவரில் போட்டு, இடது வலது எழுதி வையுங்கள்.